பிளேக் எழுதிய ஏணி

ஊரைவிட்டு ஓடிவந்த ஒருவன், பொழுது சாய்ந்த இடத்தில், கல் ஒன்றைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். மண்ணில் ஊன்றி விண்ணை எட்டும் ஏணியில் தேவதூதர் ஏறுவதையும் இறங்குவதையும் கனவிற் காண்கிறான். விவிலியத்தின் ஆதியாகமம் 28ஆம் அதிகாரம் கூறும் யாக்கோபின் கதை இது. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் (1757–1827) இக்காட்சியை மையாலும் நீர்வண்ணத்தாலும் தாளில் எழுதினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அப்படம் ஒரு முழ உயரங்கூட இல்லாதது. அவருடைய நீர்வண்ணப் படங்களை ஆண்டுக்கணக்கில் வாங்கி ஆதரித்தவர் தாமஸ் பட்ஸ் என்னும் அரசாங்க அலுவலக எழுத்தர். குமாஸ்தா வேலையை நம்பி இந்நகருக்கு வந்த குடும்பங்களுக்கு இது இனிக்கும் செய்தியே!

ஸ்பானிய ஓவியர் ரிபேரா 1639இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய இதே கனவில், தூதர்கள் ஒளிக்கற்றைக்குள் கரைந்து, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் நிற்கின்றனர். பிளேக்கோ எதையும் மறைப்பதில்லை. உறங்குபவனின் தலைமாட்டருகே தொடங்கும் படிக்கட்டு, சுவரோ தூணோ இன்றி, விண்மீன்களின் நடுவே சுருண்டு சுருண்டு ஒளியை நோக்கி ஏறுகிறது. தெளிந்த கோடு, அதன்மேல் மெல்லிய வண்ணம். தாளின் வெண்மையே ஒளியாகிறது. படியில் வருபவர் யார்? தலையில் தட்டுடன் ஒருத்தி, குடத்துடன் ஒருத்தி, குழந்தைகளுடன் வரும் பெண்கள். சிலருக்குச் சிறகு உண்டு, சிலருக்கு இல்லை. வானுலகம் தண்ணீரும் உணவும் சுமந்து வரும் பெண்களாக இறங்கிவருகிறது. இப்படத்தின் பெருமை இதுவே என்போம்.

தெய்வக் காட்சி எவ்வுடையில் வரவேண்டும் என்னும் வினா நம் நாட்டிலும் எழுந்ததுண்டு. கோவாவிற் பிறந்து, பம்பாயிலும் சாந்திநிகேதனத்திலும் ஓவியம் பயின்ற ஆஞ்செலோ ட ஃபொன்சேகா (1902–1967), நீர்வண்ணத்தில் மரியாளுக்குச் சேலை உடுத்தினார். சொந்த மண்ணில் எதிர்ப்பு எழவே, புனேயில் வாழ்ந்து வரைந்தார். தேம்பாவணியில் சூசையப்பரைத் தமிழ் நிலத்தில் உலவவிட்ட வீரமாமுனிவரைப் படித்த நமக்கு அவ்வெதிர்ப்பு வியப்பாகவே தோன்றுகிறது.

ஆயினும் பிளேக்கிடம் ஒரு குறை காண்கிறோம். அவருடைய யாக்கோபிடம் களைப்பு எங்கே? அண்ணனை வஞ்சித்துத் தந்தையின் ஆசியைக் கவர்ந்தவன் அவன். கொல்லத் துடிக்கும் அண்ணனுக்கு அஞ்சி, கண்டறியாத மாமன் வீட்டை நாடி நடப்பவன். படத்தில் கிடப்பவனோ, நாடகமேடை இளவரசனைப்போல் அழகாகத் துயில்கிறான். காலில் புழுதியில்லை, நெஞ்சில் அச்சமில்லை. முலுண்டில் இறங்கிய முதல் இரவை, தெரிந்தவர் வீட்டு நடையில், பெட்டியைத் தலைக்கு வைத்துக் கழித்தவர் நம்மிடையே உண்டு. அத்தூக்கம் எத்தகையது என அவர்களைக் கேட்டால் தெரியும். வந்தவனின் அச்சத்தைக் காட்டாததால், "உன்னோடு இருப்பேன்" என அவன் கேட்ட வாக்கின் கனமும் படத்திற் குறைந்துவிடுகிறது.

தலைக்கு வைத்த அந்தக் கல்லுக்கும் இதே கதிதான். விடிந்ததும் யாக்கோபு அதைத் தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்தான் என்கிறது விவிலியம். நடுகல் நட்டு வழிபட்ட மரபினரான நாம் முதலில் தேடுவது அதைத்தான். பிளேக்கின் கண்ணோ படியேறி மேலே போய்விட்டது.