பணிவுக்குப் பேரேடு போதுமா?

படிப்பு பெருகினால் குணமும் தானாகத் திருந்திவிடும் என்று ரப்பி இஸ்ரேல் சலாண்டர் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவில் அவர் தொடங்கிய 'முஸார்' என்னும் யூத அறநெறி இயக்கம், பாடகர் சாதகம் செய்வதுபோல் நற்குணத்தையும் அன்றாடம் பழகச் சொன்னது.

அதற்கு அவர் பரப்பிய நூல்களுள் ஒன்று, மெண்டல் லெஃபின் 1808இல் வெளியிட்ட 'ஹெஷ்போன் ஹநெஃபெஷ்'. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் முறையைத் தழுவிய நூல் அது. பணிவு உட்பட 13 குணங்கள், வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. ஒவ்வொரு நாளின் சறுக்கலையும் கட்டத்தில் குறித்துவைக்க வேண்டும். 'நல்லவனாக இரு' என்ற பொத்தாம்பொதுவான அறிவுரையை, எளியவரும் கைக்கொள்ளக்கூடிய பயிற்சியாக மாற்றியதே இதன் பெரும் பலம். தவறியவர் மனமுடைய வேண்டியதில்லை; அதே குணம் மீண்டும் முறைக்கு வரும்.

ஆனால் பணிவு இந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை. கோபப்பட்ட தடவைகளை எண்ணிவிடலாம். 'இன்று செருக்கே இல்லை' என்று எழுதும்போதோ, அந்த நிறைவிலேயே செருக்கு முளைத்துவிடுகிறது.

பெரும்பாலான குணங்களில் நடுவழியைப் பரிந்துரைத்த இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ், செருக்கை விதிவிலக்காக்கி, பணிவின் எல்லைவரை போகச் சொன்னார். அந்த எல்லையைச் செயலில் தேடியது முஸார் இயக்கத்தின் நொவார்டோக் பள்ளி. அதன் மாணவர்கள் மருந்துக்கடையில் போய் ஆணி கேட்டு, வேண்டுமென்றே ஏளனத்துக்கு ஆளானதாகச் சொல்வார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தை உடைக்க இது உதவியிருக்கும். அந்தத் துணிவு சிறிதல்ல. எனினும் அங்கே கடைக்காரர் வெறும் கருவி. மாணவரின் முழுக் கவனமும் தம்மேல்தான்.

அதே இயக்கத்தில் கிளைத்த ஸ்லபோட்கா பள்ளியில், ரப்பி நோசன் ஸ்வி ஃபிங்கல் மனிதனின் மாண்பிலிருந்து தொடங்கினார். மாணவர்கள் நேர்த்தியாக உடுத்துவதைக்கூட அவர் வலியுறுத்தினார். தன்னை உயர்வாக எண்ணுவது செருக்கில் முடியலாம் என்ற ஆபத்து இதில் உண்டு. ஆனால் என்னிடம் உள்ள மாண்பு எதிரில் நிற்பவரிடமும் அதே அளவு உள்ளது என்று உணர்ந்தால், அவரை இழிவாக நடத்த மனம் வராது. இதையே நான் உறுதியான வழியாகக் கருதுகிறேன்.

முஸாரின் பேரேட்டைக் கைவிட வேண்டியதில்லை; அதில் கேட்கும் கேள்வியை மாற்றினால் போதும். 'இன்று நான் எவ்வளவு தாழ்ந்தேன்?' என்பது மறுபடியும் நம்மையே அளப்பது. 'இன்று யார் பேச்சை முழுதாகக் கேட்டேன், யாரிடம் மன்னிப்புக் கேட்கத் தவறினேன்?' என்று எழுதுவோம். அந்தப் பதிலை வைத்து மறுநாளே ஒருவரிடம் நேராகப் போய்ப் பேசலாம்.