பொம்மைக்குள் ஆள் வேண்டும்

2020 டிசம்பரில் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’ விளையாட்டுக்குள் செஃபிரோத் வந்தான். கூடவே ஜீனோவும் வந்தான், வெறும் உடையாக. நாமே முகம் செய்துகொள்ளும் ‘மீ’ உருவத்துக்கு மாட்டிவிடும் உடை. 2016-இல் வந்த உடைக்கும் இதே கதைதான். “உள்ள ஆளே இல்லாம சட்டைய மட்டும் குடுத்தா எப்படிடா?” என்றான் என் அறை நண்பன். அன்று சிரித்தேன். இப்போது யோசித்தால் அவன் சொன்னதுதான் சரியான விமர்சனம்.

ஜீனோ, 1996-இல் ஸ்குவேர் உருவாக்கிய ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’யின் பாத்திரம். காஸ் என்ற சிறுவனின் பொம்மைக்குள் ஒரு நட்சத்திரம் இறங்குகிறது. நம் விருப்பங்களை நிறைவேற்றும் நட்சத்திரப் பாதை உடைந்துவிட்டது, அதைச் சரிசெய்ய வந்திருக்கிறது. ‘ஜீனோ’ என்பது பொம்மையின் பெயர்தான். நட்சத்திரத்தின் பெயர் நம் வாயில் நுழையாது. வேலை முடிந்ததும் அது பொம்மையை விட்டுக் கிளம்பிவிடும். பதினொரு வயதில், பெரியம்மா வீட்டுக் கணினியில் எமுலேட்டர் போட்டு விளையாடியபோது அந்த இடத்தில் அழுதேன். அண்ணன் பார்த்துவிடக் கூடாதே என்று திரையை அணைத்தேன்.

ஆனால் நான் அழுதது அவனுக்குத் தகுதி ஆகாது. எதிர்வாதம் வலுவானது: ஒரே ஒரு விளையாட்டில் வந்தவன், அதன்பின் 2003-இல் ஒரு சின்னத் தலைகாட்டல், அவ்வளவுதான். ஒரே ஒரு நல்ல கதை எழுதியவருக்குத் தொகைநூலில் இடம் உண்டா என்று நாமும்தான் சண்டை போடுகிறோம். எண்ணிக்கையைப் பார்த்தால் இல்லை. அந்தக் கதை இல்லாமல் தொகைநூல் குறைபடுமா என்று பார்த்தால்தான் பதில் மாறும்.

இங்கே குறைபடுகிறது. 1999-இல் வந்த முதல் ஸ்மாஷ் எப்படித் தொடங்கியது? ஒரு பெரிய கை பொம்மைகளை எடுத்து மேசையில் வைக்கிறது, அவை உயிர்பெற்றுச் சண்டை போடுகின்றன. மாரியோவும் பிக்காச்சுவும் அங்கே பொம்மைகளாகத்தான் இருந்தார்கள். மசாஹிரோ சகுராய் ஒரு பிள்ளையின் விளையாட்டு அறையைத்தான் போர்க்களமாக்கினார். பிறகு பட்டியல் எண்பதைத் தாண்டியது, அந்த மேசை மறந்துபோனது. புதிதாக யார் வந்தாலும் எந்த நிறுவனத்தின் ஆள், எவ்வளவு பெரிய பெயர் என்பதே பேச்சானது.

அந்த மேசையின் கதையைத் தன் சொந்தக் கதையாகவே வைத்திருப்பவன் ஜீனோ. சிறுவனின் பொம்மை, உயிர் வருகிறது, சண்டை போடுகிறது, மீண்டும் பொம்மையாகிறது. “அவன் போய்விட்டான், திரும்ப அழைத்தால் கதை கெட்டுவிடும்” என்பார்கள். முதல் ஸ்மாஷிலும் கடைசியில் வென்றவர் பொம்மையாகத்தான் திரும்புகிறார். அந்தப் பிரிவும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சண்டைக்கும் தோதானவன். அவனுடைய ‘ஜீனோ வேர்ல்’ அடியில், சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் 9999 சேதம். கொஞ்சம் பிசகினால் சாதாரண அடிதான். சண்டை விளையாட்டுக்காரர்கள் இதற்காகவே மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பார்கள்.

2023-இல் மறு ஆக்கம் வந்துவிட்டது. யார் இவன் என்று இனிக் கேட்க முடியாது. அடுத்த ஸ்மாஷிலும் உடைதான் என்றால் நான் வாங்கப்போவதில்லை. நட்சத்திரம் இறங்காத பொம்மையை நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டேன்.