ஐயடிகள் காடவர்கோன் துறவின் காரணம்

காஞ்சியிலிருந்து அரசாண்ட பல்லவராகிய ஐயடிகள் காடவர்கோன், முடியை மைந்தனுக்கு அளித்துத் தலந்தோறும் சென்றார். அரசாட்சியை இன்னலெனக் கருதியமையே காரணம் என்பது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் கூற்று. ஐயடிகள் அருளிய க்ஷேத்திரத் திருவெண்பாவின் 24 பாடல்களோ பிறிதொன்றையும் காட்டுகின்றன. ஆங்கு ஆட்சியின் சுமை சிறுபான்மை. மூப்பு, கோலூன்றிய தளர்நடை, வலி குன்றியவழி உற்றார் முகந்திரும்புதல் ஆகியனவும் ஆங்குக் கூறப்படுகின்றன. எனவே, சுற்றம் தம்மை விடுமுன் தாம் சுற்றத்தை விட்டார் எனக் கோடல் தகும். அரசச் செல்வத்தினும் ஓடேந்தி உண்டலே மேலென ஓரிடத்துக் கூறுதலின், சேக்கிழார் கூற்றும் தள்ளற்பாலதன்று. எனினும் அவர் காடு புகவில்லை. மக்கள் திரளும் கோயில்களையே நாடினார். ஆதலின் அவர் நீங்கியது நிலையாத உறவினின்றேயாம். ஒதுங்குவார் அனைவரையும் மக்களை வெறுத்தார் எனல் பொருந்தாது.