பத்து நிமிடமும் பத்து லட்சம் எண்களும்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊர்களுக்கு லீவுக்கு வரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சிலருக்கு நான் சைபர் பாதுகாப்பு சொல்லித் தருகிறேன். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மன் முத்தையா 2019-இல் இன்ஸ்டாகிராமில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து 30,000 டாலர் வாங்கியது அவங்க எல்லாருக்கும் தெரியும். ஓட்டை என்னன்னு கேட்டா பதில் இல்லை. குறை பசங்க மேல் இல்லை. செய்திகளில் தொகைதான் தலைப்பு, ஓட்டைக்கு ஒரு வரி.

அவர் தன் வலைப்பதிவில் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்தால் கதை வேறு. பாஸ்வேர்டை மறந்தால் போனுக்கு 6 இலக்க எண் வரும், 10 நிமிடம் செல்லும். மொத்தம் பத்து லட்சம் எண்கள். அவர் முதலில் சுமார் 1000 கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கிறார். 250 உள்ளே போகின்றன, மீதி 750 தடுக்கப்படுகின்றன. நம்மில் பலர் இதைப் பார்த்து "சரி, தடுப்பு வெச்சிருக்காங்க" என்று எழுந்து போயிருப்போம். அவர் கவனித்தது, தடுத்தாலும் ஆளை முழுசா ஒதுக்கவில்லை என்பதை. ஒரே சமயத்தில், பல ஐபி முகவரிகளிலிருந்து அனுப்பினால்? 1000 முகவரிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். ஆளுக்கு 200. அப்போ பத்து லட்சத்துக்கு 5000 முகவரி போதும். வாடகை கிளவுடில் செலவு சுமார் 150 டாலர் என்று அவரே கணக்குப் போட்டிருக்கிறார்.

எட்டாம் வகுப்புப் பெருக்கல்தானே இது! ஒரு நல்ல வாத்தியார் செய்ய வேண்டியதை அந்தச் சின்னக் கட்டுரை செய்கிறது. எங்கே நின்று யோசிக்கணும் என்று காட்டுகிறது. 2021-இல் வெளியிட்ட மைக்ரோசாஃப்ட் கட்டுரையும் (அதற்கு 50,000 டாலர்) அதே பாதைதான். அங்கே எண் 7 இலக்கம்.

ஆனாலும் இந்த வகைக் கட்டுரைகளை மட்டும் வைத்துப் படித்து வளர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எச்டிடிபி கோரிக்கை என்றால் என்ன, சர்வர் ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளை எப்படி எண்ணும் என்பதெல்லாம் வாசகருக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். ஜெயித்த கதைதான் வெளியே வரும். ஒன்றும் சிக்காத மாதங்களை யாரும் பதிவு போடுவதில்லை.

எனக்குப் பெரிய பயம் இன்னொன்று. ஃபேஸ்புக் அறிவித்திருந்த பரிசுத் திட்டத்துக்குள், அதன் விதிப்படி சோதித்ததால்தான் அவருக்குக் காசு. அந்த வரி படிப்பவர் கண்ணில் படுவதே இல்லை. உற்சாகத்தில் ஒரு பையன் தன் கல்லூரி ரிசல்ட் பக்கத்திலேயே இதை முயற்சி பண்ணினா? உரிமையாளர் அனுமதியில்லாமல் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் மலைப் பையனுக்கு வக்கீல் வைக்க யார் இருக்கா?

அதனால் கட்டுரையைப் படிக்கக் கொடுக்கும்போதே ஓவாஸ்ப் அமைப்பின் ஜூஸ் ஷாப்பையும் பென் டிரைவில் கொடுத்துவிடுகிறேன். உடைத்துப் பழகவே ஓட்டைகளோடு கட்டிய கடை அது. தேவையானதை ஒருமுறை லேப்டாப்பில் ஏற்றிவிட்டால், சிக்னல் போன நாளிலும் ஓடும்.