உதைத்த பந்தும் ஒட்டிய பையும்

நோய்க் கதைகளுக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் வெற்றிக்கு ஓடிவிடும்.

ரோல்ஃப் பெனிர்ஷ்கே, அமெரிக்கன் ஃபுட்பாலில் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணிக்காக பந்தை உதைத்தவர். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் முற்றி, 1979இல் அவருடைய பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒரு துளை, அதன்மேல் பை. அடுத்த வருஷமே மைதானத்துக்குத் திரும்பினார். 1982 ஜனவரியில் மயாமியில், கூடுதல் நேரத்தில் அவர் உதைத்த உதைதான் ஆட்டத்தை 41–38 என்று முடித்தது. பிறகு தன் கதையை ‘அலைவ் அண்ட் கிக்கிங்’ என்று புத்தகமாக்கினார்.

பெரிய கதைதான். புதிதாகப் பை மாட்டியவருக்கு அது தரும் தைரியத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வாரமே சின்சினாட்டியில் அதே அணி 27–7 என்று தோற்றது. அங்கே யாரும் கதையை முடிக்க மாட்டார்கள்.

வாழ்க்கை அந்த அடுத்த வாரத்தில்தான் இருக்கு. ஸ்டோமாவுக்கு அடக்கிவைக்கும் தசை கிடையாது. ‘கொஞ்சம் இரு’ன்னு அதுகிட்ட சொல்ல முடியாது. பையை ஒரு நாளைக்குப் பலமுறை காலி செய்யணும். பஸ் பயணத்திலும், விருந்திலும், முதல் முத்தத்துக்கு முன்னாலும்.

வெற்றியை எழுத நமக்கு மொழி இருக்கு. இதை எழுத? ‘மலம்’ என்றால் லேப் ரிப்போர்ட், ‘பீ’ என்றால் வசவு. இரண்டுக்கும் நடுவில், கூச்சமும் வீரமும் இல்லாம, ஒருத்தர் குளியலறையில் கழிக்கும் பத்து நிமிஷத்தைச் சொல்கிற ஒரு வாக்கியம் வேணும். அந்த வாக்கியத்தை எழுதுபவரைத்தான் நான் படிக்கக் காத்திருக்கிறேன்.