இரண்டு அம்மாக்கள், இரண்டு மொழி: 'காசா தே லோஸ் பேபிஸ்'

தத்துக் குழந்தையைக் கூட்டிவர வெளிநாடு போகிறவர்களைப் பற்றிய கதைகளில் உச்சகட்டம் எது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கதவு திறக்கும், குழந்தையைக் கையில் கொடுப்பார்கள், அழுகை, போட்டோ. ஜான் செய்ல்ஸ் 2003-இல் எடுத்த 'காசா தே லோஸ் பேபிஸ்' அந்த இடத்துக்குப் போய்ச் சேர அவசரப்படுவதே இல்லை. படம் முழுக்கக் காத்திருப்புதான். அதனாலேயே பலருக்கு இது "ஒண்ணுமே நடக்காத படம்". எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆறு பெண்கள். ஐந்து பேர் அமெரிக்கர்கள், ஒருத்தி மட்டும் அயர்லாந்துக்காரி, குடியிருப்பு பாஸ்டனில். லத்தீன் அமெரிக்காவில் பெயர் சொல்லப்படாத ஒரு நாட்டில், கடற்கரையோர விடுதியில் தங்கியிருக்கிறார்கள். தத்தெடுக்க வருகிறவர்கள் உள்நாட்டில் சில காலம் தங்கியே ஆகணும் என்று அந்த நாட்டுச் சட்டம். எத்தனை வாரம், எத்தனை மாசம் என்று யாருக்கும் தெரியாது. வக்கீல் "சீக்கிரம்" என்கிறார். விடுதிக்கார அம்மாளுக்கும் அந்த வக்கீலுக்கும் சொந்தம் வேறு. தாமதமாக ஆக அறை வாடகை ஏறும். யாரும் யாரையும் ஏமாற்றுவதாகக் காட்டாமலே, தாமதம் எப்படி ஒரு தொழிலாகிறது என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது.

அந்த நாடு எது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. படம் பிடித்தது மெக்சிகோவின் அகபுல்கோவில் என்றாலும், அந்த வருடங்களில் அமெரிக்கர்கள் குழந்தைக்காகப் போன லத்தீன் அமெரிக்க நாடுகளில் முன்னால் நின்றது குவாத்தமாலா. அங்கே தத்தெடுப்பு பெரும்பாலும் நோட்டரி வக்கீல்கள் கையில் இருந்தது. நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஒரே வக்கீல் பெற்ற தாய்க்கும் தத்தெடுப்பவர்களுக்கும் சேர்த்து ஆஜராகலாம். மொத்தச் செலவு இருபதாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். 2007-இல் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்து அமெரிக்கா போனார்கள். அந்த வருடக் கடைசியில் சட்டத்தை மாற்றி, புது விண்ணப்பங்களை நிறுத்தினார்கள்.

இந்தப் பயணத்துக்குச் சட்டத்திலும் ஒரு கனம் உண்டு. 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டப்படி, பெற்றோர் நேரில் போய்க் குழந்தையைப் பார்த்து, தத்தெடுப்பை அங்கேயே முடித்திருந்தால், விமானம் இறங்கிக் குடிவரவு முத்திரை விழும்போதே குழந்தை அமெரிக்கக் குடிமகன். அதாவது அந்தப் பெண்கள் விடுதியில் உட்கார்ந்து வெயில் காயும் ஒவ்வொரு நாளும், எங்கோ ஒரு தொட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையின் நாடு மாறிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிள்ளையைக் கேட்க வழியில்லை, சரி. பெற்றவளைக் கேட்கலாமே?

செய்ல்ஸ் கேட்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி அதுதான். அயர்லாந்துப் பெண் ஐலீன் (சூசன் லிஞ்ச்) தன் அறையைச் சுத்தம் பண்ண வந்த அசன்சியோனிடம் (வனேசா மார்ட்டினெஸ்) ஒரு கற்பனையைச் சொல்கிறாள். பாஸ்டனில் பனி கொட்டுகிறது, பள்ளிக்கூடம் லீவு, வரப்போகிற மகளோடு அந்த ஒரு நாளை எப்படிக் கழிப்பேன் என்று. அவ்வளவுதான், வேறு பெரிய கனவெல்லாம் இல்லை. அசன்சியோனுக்கு இங்கிலீஷ் தெரியாது. கேட்டு முடித்துவிட்டு அவள் ஸ்பானிஷில் சொல்கிறாள்: தானும் ஒரு பெண்குழந்தை பெற்று, வடக்கே யாருக்கோ கொடுத்துவிட்ட கதையை. ஐலீனுக்கு அது புரியவில்லை. இரண்டு பேர் முகத்திலும் மரியாதை இருக்கிறது, அன்பும் இருக்கிறது, ஆனால் சேதி போய்ச் சேரவில்லை.

நல்ல காட்சிதான். ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கீழே சப்டைட்டில் ஓடுவதால் இரண்டு பக்கமும் நமக்குப் புரிந்துவிடுகிறது. அமெரிக்கப் பார்வையாளருக்கு அசன்சியோன் பேசுவது மட்டும் எழுத்தில் வரும். நம்மூர் ஆளுக்கு ரெண்டுமே வெளி மொழி, அதனால் இந்த வித்தியாசம் கொஞ்சம் துலக்கமாகவே தெரிகிறது. அறையில் இருக்கிற இரண்டு பேருக்கும் கிடைக்காத புரிதலைத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுத்து, "பாவம், ரெண்டு பேருமே நல்லவங்க" என்ற நிம்மதியோடு வீட்டுக்கு அனுப்புகிறது படம். அசன்சியோனின் குரல் போய்ச் சேரவேண்டிய ஆள் நாமல்ல.

இங்கே 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) நினைவுக்கு வராமல் இருக்காது. அதில் திசை தலைகீழ். தத்துப் பிள்ளை பெற்றவளைத் தேடிப் போகிறாள். அந்தப் படத்தின் மேல் எனக்குப் புகார்கள் உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் அமுதாவுக்கும் பெற்றவளுக்கும் பொது மொழி இருக்கிறது. மகள் நேராகக் கேட்க முடிகிறது. தாய் நேராக மறுக்க முடிகிறது. மறுக்கக்கூட ஒரு மொழி வேண்டியிருக்கிறது.

நாட்டுக்குப் பெயர் வைக்காததும் இதே வகைத் தப்பித்தல்தான் என்று நினைக்கிறேன். குவாத்தமாலா என்று சொல்லியிருந்தால், பிள்ளையைக் கொடுத்த தாய்மார்களில் பலர் மாயா இனத்தவர், அவர்களுக்கு ஸ்பானிஷே தாய்மொழி இல்லை என்பதும் கூட வந்திருக்கும். கிச்சே, மாம் பேசுகிறவள் ஸ்பானிஷ் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் எதற்குச் சம்மதித்தாள்? படத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பதிலாக விடுதிக்கார அம்மாளின் மகன் இருக்கிறான். அம்மா காசில் சாப்பிட்டுக்கொண்டு "இது ஏகாதிபத்தியம்" என்று முழங்கும் ஆள். அரசியல் முழுவதையும் ஒரு வாய்ச்சவடால் பேர்வழியிடம் கொடுத்துவிட்டால், பார்க்கிறவர் அதைச் சிரித்தே தள்ளிவிடலாம்.

கடற்கரையில் தூங்கி, பெயின்ட்டை முகர்ந்து போதையேற்றிக்கொள்ளும் சிறுவர்களும் வருகிறார்கள். குழந்தை வேண்டும் என்று தவம் கிடக்கும் பெண்கள் தினமும் அவர்களைக் கடந்து போகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கைக்குழந்தை. செய்ல்ஸ் இதை ஒரு வசனமாகக்கூட ஆக்கவில்லை. அவருடைய நிதானம் பலன் தரும் இடங்களில் இது ஒன்று. பதினைந்து வயதுப் பெண்ணை அவள் அம்மாவே கூட்டிவந்து, பிறக்கப்போகும் பிள்ளையைக் கொடுக்க ஏற்பாடு செய்யும் பகுதியும் அப்படித்தான். அந்தப் பெண் பேசுவதே கொஞ்சம்.

முதலில் யாருக்குக் குழந்தை கிடைக்கிறது என்பதில் படம் துளியும் இரக்கம் காட்டவில்லை. கூப்பிடப்படும் இருவரில் ஒருத்தி ஐலீன். இன்னொருத்தி நான்சி மாதிரி யாரோ என்றுதான் முதலில் தோன்றும், பெயர் நான் (மார்சியா கே ஹார்டன்): கூட இருக்கும் பெண்களிலேயே யாருக்கும் பிடிக்காதவள், பொய் சொல்பவள், வக்கீலையே விலைபேசப் பார்ப்பவள். நல்ல அம்மாவாக வருவாள் என்று நாம் நம்பிய மற்றவர்கள் காத்துக்கொண்டே இருக்கிறார்கள். வரிசைக்கும் தகுதிக்கும் சம்பந்தமில்லை.

இன்று பார்க்கும்போது அந்த விடுதி ஒரு பழைய காலம். 2004-இல் ஏறக்குறைய 23,000 வெளிநாட்டுக் குழந்தைகள் தத்துப் பிள்ளைகளாக அமெரிக்கா போனார்கள். 2023-இல் அது 1,300-ஐ எட்டவில்லை. 2024 செப்டம்பரில் சீனாவும், நெருங்கிய உறவுக்காரர்கள் விதிவிலக்காக, கதவைச் சாத்திவிட்டது. கைக்குழந்தைகளாகப் போனவர்கள் இப்போது இருபதுகளில் இருக்கிறார்கள். குவாத்தமாலாவுக்குத் திரும்பிப்போய்ப் பெற்றவளைத் தேடுகிறவர்களில் பலர், கண்டுபிடித்த பிறகும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டுதான் அம்மாவோடு பேசுகிறார்கள்.