கான்சாஸ் ஸ்டேட்டை எழுப்பிய கை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், தோற்றே பழகிப்போன ஓர் அணியைத் தூக்கி நிறுத்துவது தனிக் கலை. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் இது. இதன் தொழில்முறை லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு ஒரு சலுகை உண்டு: அடுத்த ஆண்டு புது ஆட்டக்காரர்களை எடுக்கும்போது முதல் வாய்ப்பு அதற்குத்தான். கல்லூரியில் அந்தச் சலுகை கிடையாது. எந்தக் கல்லூரியில் சேர்வது என்று பையன்தான் முடிவு செய்கிறான். திறமையுள்ளவன் ஜெயிக்கிற இடத்தைத் தேடிப் போகிறான். ஜெயிக்கிற இடத்தில் அரங்கம் நிரம்புகிறது, நன்கொடை குவிகிறது, அதைப் பார்த்து இன்னும் திறமையானவர்கள் வருகிறார்கள். தோற்கிற கல்லூரிக்கோ வருஷா வருஷம் மிச்சம் மீதிதான். இந்தச் சுழலை உடைத்தவர்கள் சிலரே. அவர்களில் பில் ஸ்னைடர் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை ஊன்றிப் பார்க்கத் தக்கது.

கான்சாஸ் மாநிலத்தின் புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே, மன்ஹாட்டன் என்ற சிற்றூரில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழகம். நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கும் இதற்கும் பெயர்தான் பொருத்தம். 1934இல் ஒருமுறை அதன் அணி, பல கல்லூரிகள் சேர்ந்து ஆடும் தன் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றது. பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிக் எயிட் கூட்டமைப்பில் நெப்ராஸ்கா, ஓக்லஹோமா போன்ற ஜாம்பவான்களோடு ஆண்டுதோறும் மோதி, ஆண்டுதோறும் அடி வாங்கியது. மேல்தட்டுக் கல்லூரிகளில் 500 தோல்விகளைத் தொட்ட முதல் கல்லூரி அதுதான். 1987 சீசனில் 10 தோல்வி, ஒரு சமன். 1988இல் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோல்வி. கூட்டமைப்பை விட்டே விலகிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. 1989இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ், நாட்டிலேயே பரிதாபமான அணி என்று அதைப் பற்றிப் பெரிய கட்டுரையே வெளியிட்டது.

அதற்கு முன்னும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1981இல் அன்றைய பயிற்சியாளர் ஜிம் டிக்கி ஒரு துணிச்சலான கணக்குப் போட்டார். இறுதியாண்டு ஆட்டக்காரர்கள் பலரை அந்த சீசனில் களமிறக்காமல் நிறுத்திவைத்தார்; ஆடாத ஆண்டு கணக்கில் வராது என்பதால், மறு ஆண்டு அவர்கள் எல்லோரும் முதிர்ந்தவர்களாகச் சேர்ந்து ஆடலாம். கணக்கு பலித்தது. 1982இல் அணி தன் வரலாற்றின் முதல் பவுல் ஆட்டத்துக்கு, அதாவது சீசன் இறுதியில் நல்ல அணிகளுக்கு மட்டும் கிடைக்கும் சிறப்பு ஆட்டத்துக்கு, அழைக்கப்பட்டது. அந்த ஆட்டக்காரர்கள் படிப்பை முடித்துப் போனதும் அணி பழையபடி சரிந்தது. ஒரு நல்ல ஆண்டைத் தந்திரத்தால் வரவழைக்கலாம். அடுத்த ஆண்டுகளுக்கு அந்தத் தந்திரத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஸ்னைடரின் வேலையை டிக்கியின் வேலையோடு ஒப்பிட்டால்தான் அதன் அருமை புரியும்.

1988 நவம்பரில் பொறுப்பேற்றபோது ஸ்னைடருக்கு 49 வயது. எங்கும் முன்னணியில் நின்று பெயர் வாங்கியவர் அல்ல. அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேடன் ஃப்ரை என்ற பயிற்சியாளரின் கீழ் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிட்டவர். அந்தக் குருகுலம் முக்கியம். ஃப்ரையும் விழுந்த அணியை எழுப்பியவர்தான். 1979இல் அவர் வந்தபோது அயோவா 17 ஆண்டுகளாக வெற்றி கூடுதலான ஒரு சீசனைக்கூடக் கண்டதில்லை. மூன்றாம் ஆண்டிலேயே அதை ரோஸ் பவுலுக்குக் கொண்டுபோனார். அப்போது தொழில்முறை ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சீருடையைப் போலவே தன் பிள்ளைகளுக்கும் உடுத்திவிட்டார், புதிய சின்னமும் வரையச் செய்தார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பையனுக்குப் பழைய தோல்வி ஞாபகம் வரக்கூடாது என்பது அவர் கருத்து.

சீடரும் அதையே செய்தார். பல்கலைக்கழகத்து ஓவிய ஆசிரியர் ஒருவர் வரைந்த, கூர்மையான கோடுகளாலான காட்டுப்பூனை முகம் 1989 முதல் தலைக்கவசத்தில் ஏறியது. பவர்கேட் என்று அழைக்கப்படும் அந்தச் சின்னம் இன்றும் அப்படியே இருக்கிறது. கூடவே 16 இலக்குகள் கொண்ட ஒரு பட்டியலை ஸ்னைடர் அணிக்கு வகுத்தார். அதைப் படிப்பவருக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். கோப்பை, முதலிடம் போன்ற சொற்களே அதில் இல்லை. ஈடுபாடு, தன்னலமின்மை, ஒற்றுமை, தினமும் முன்னேறுதல், தவறுகளைத் தவிர்த்தல், தோல்வியை ஏற்றுக்கொள்ளாமை என்று எளிய வரிகளாகப் போகிறது. இதில் தினமும் முன்னேறுதல் என்ற வரிதான் அவர் முறையின் உயிர். 11 ஆட்டங்களிலும் தோற்ற அணியிடம் கூட்டமைப்பை வெல்வோம் என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நேற்றைவிட இன்று ஒரு தடுப்பைச் சரியாகப் போடு என்றால் நம்புவார்கள், செய்தும் காட்டுவார்கள்.

முதல் பலன் 1989 செப்டம்பர் 30 அன்று கிடைத்தது. வந்திருந்த அணி நார்த் டெக்சஸ். ஃப்ரையுடன் அயோவாவுக்குப் போகும் முன் ஸ்னைடர் வேலை பார்த்த இடம். அதற்குள் வெற்றியில்லாத ஆட்டங்களின் வரிசை 30 ஆகியிருந்தது. கடைசி நிமிடங்களில் கான்சாஸ் ஸ்டேட் 14–17 என்று பின்தங்கியிருந்தது. இப்படிப்பட்ட அணி இந்தக் கட்டத்தில் என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பதற்றத்தில் பந்தைக் கைவிடும், அல்லது எதிராளியின் கைக்கு எறியும். அன்று அது நடக்கவில்லை. ஆட்டத்தை நடத்தி பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கார்ல் ஸ்ட்ரா சிறு சிறு எறிதல்களாக அணியை முன்னே கொண்டுபோனார். ஆட்டத்தின் கடைசி நகர்வில் ஃபிராங்க் ஹெர்னாண்டஸுக்கு எறிந்த பந்து எதிரணியின் எல்லைக்குள் பிடிபட்டு டச்டவுன் ஆனது. 20–17. அந்த சீசனில் அது ஒன்றே வெற்றி, மற்ற பத்தும் தோல்வி. ஆனாலும் அந்த ஒரு தொடர் நகர்வில் பதறாத கைகளைப் பார்க்கலாம். பிறகு வந்த பெரிய வெற்றிகள் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அதில் தெரிகிறது.

அடுத்தது ஆள் பிடிக்கும் வேலை. பெரிய கல்லூரிகள் விரும்பும் பையன்களை மன்ஹாட்டனுக்கு இழுக்க முடியாது என்பது ஸ்னைடருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால் பிறர் அதிகம் பார்க்காத இடங்களில் தேடினார். ஒன்று, ஈராண்டு ஜூனியர் காலேஜ்கள். மதிப்பெண் குறைவாலோ பள்ளியில் கவனிக்கப்படாததாலோ அங்கே ஒதுங்கியவர்கள், மூன்றாம் ஆண்டில் பெரிய கல்லூரிக்கு மாறலாம். ஏற்கெனவே வளர்ந்த உடல், நிரூபிக்க வேண்டிய வெறி, கையில் இருப்பதோ இரண்டே ஆண்டு. ஜூனியர் காலேஜ் கால்பந்து செழித்த மாநிலம் கான்சாஸ் என்பது கூடுதல் வசதி. டெக்சஸில் உள்ள பிளின் காலேஜில் ஒரு தோல்விகூடக் காணாமல் வந்த மைக்கேல் பிஷப் இந்த வழியில் வந்தவர்தான். 1998இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தார். இன்னொன்று, உதவித்தொகை எதுவும் இல்லாமல் தாமாக வந்து அணியில் சேரும் உள்ளூர்ப் பையன்கள், வாக்-ஆன் என்பார்கள். பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து அப்படி வந்து, தற்காப்பின் பின்வரிசையில் தொடங்கி, பந்து பிடிப்பவராக மாறிய ஜோர்டி நெல்சன் பின்னாளில் கிரீன் பே அணியோடு தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார்.

ஆட்ட அட்டவணையை அமைத்ததில் ஸ்னைடர்மீது குறை சொல்லாதவர்கள் இல்லை. கூட்டமைப்புக்கு வெளியே உள்ள ஆட்டங்களுக்குப் பலமான அணிகளைத் தவிர்த்து, வெல்லக்கூடிய சிறிய கல்லூரிகளை வீட்டுக்கே வரவழைத்து ஆடினார். தொடக்க ஆண்டுகளில் அது சரியான முடிவு. தினமும் அடி வாங்கும் பையனுக்கு ஜெயித்துப் பழக ஓர் இடம் வேண்டும். அணி வளர்ந்த பிறகும் அதே வழக்கம் நீடித்ததை முழுதாக நியாயப்படுத்த முடியாது. 1998 சீசனில் இண்டியானா ஸ்டேட்டை 66–0 என்றும் நார்த்தர்ன் இல்லினாயை 73–7 என்றும் அடித்தது யாருக்கும் பெருமை சேர்க்கவில்லை.

ரசிகர்கள் கொண்டாட வேண்டிய இடம் ஸ்னைடரின் ஓட்ட ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். அவர் அதைப் பின்னால் நிற்கும் ஓட்டக்காரரிடம் கொடுத்துவிட்டால், அத்தோடு அவர் வேலை முடிந்தது, வெறுமனே நிற்பார். பந்தைத் தூக்கியவரையும் கழித்தால் வழிவிலக்க மிஞ்சுவது ஒன்பது பேர், எதிரே தடுப்பவர் பதினொருவர். குவார்ட்டர்பேக்கே பந்தை வைத்துக்கொண்டு ஓடினால் கணக்கு மாறுகிறது. ஓட்டக்காரர் அவருக்கு முன்னே ஓடி வழிவிலக்குபவராகிறார், ஒன்பது பத்தாகிறது. அந்த ஒருவர் மோதிச் சாய்க்கும் ஒரு தடுப்பாளன், அந்த இரண்டு அடி இடைவெளி, அதற்குள் நுழையும் தோள்: ஆள்பலம் குறைந்த அணிக்கு இதைவிட மலிவாக ஒரு கூடுதல் ஆள் கிடைக்கமாட்டான். பெரிய கல்லூரிகள் விலையுயர்ந்த எறிகாரர்களைக் காயம்படாமல் காத்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்னைடர் தன் குவார்ட்டர்பேக்கை ஓடவிட்டார். பிஷப், எல் ராபர்சன், காலின் கிளைன் என்று அந்த வரிசை நீண்டது. பிற்காலத்தில் நாடெங்கும் கல்லூரிகள் இதைக் கைக்கொண்டன.

ஏற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1990இல் ஐந்து வெற்றி, 1991இல் ஏழு, 1992இல் மறுபடி ஐந்து. 1993இல் ஒன்பது வெற்றியோடு காப்பர் பவுலில் வயோமிங்கை 52–17 என்று வீழ்த்தியது. பல்கலைக்கழகத்தின் முதல் பவுல் வெற்றி அது. 1998 நவம்பரில், 30 ஆண்டுகளாக வெல்ல முடியாத நெப்ராஸ்காவை 40–30 என்று வென்றது. தோல்வியே காணாமல் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குப் போய், நான்காம் பகுதியில் 15 புள்ளி முன்னணியில் இருந்து, டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் இரண்டாம் கூடுதல் நேரத்தில் 33–36 என்று தோற்றது. தேசியப் பட்டம் அவ்வளவு அருகில் வந்து நழுவியதை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. தரவரிசையில் மூன்றாவதாக முடித்தும் பெரிய பவுல்கள் எதுவும் அதை அழைக்கவில்லை. அந்த அநீதிக்குப் பிறகே, மூன்றாம் இடத்து அணிக்கு இடம் உறுதி செய்யும் விதி சேர்க்கப்பட்டது.

மறுகட்டுமானத்தின் ஆழத்தை அளக்க இன்னொரு வழி, அந்தப் பட்டறையில் பழகிய உதவிப் பயிற்சியாளர்களைப் பார்ப்பது. பாப் ஸ்டூப்ஸ் ஓக்லஹோமாவுக்குப் போய் 2000 சீசனில் தேசியப் பட்டம் வென்றார். ஜிம் லெவிட் சவுத் ஃப்ளோரிடாவில் வெறும் நிலத்திலிருந்து ஓர் அணியை உருவாக்கினார். மார்க் மஞ்சினோ, பக்கத்து ஊர்ப் போட்டியாளரான கான்சாஸ் பல்கலைக்கழகத்தை 2007 சீசனில் ஆரஞ்சு பவுல் வரை கொண்டுபோனார். 2003 டிசம்பரில் குரு, சீடர் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஸ்டூப்ஸின் ஓக்லஹோமா அப்போது தோல்வி காணாத முதலிட அணி. ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள டாரன் ஸ்புரோல்ஸ் 235 கெஜம் ஓட, கான்சாஸ் ஸ்டேட் 35–7 என்று வென்று, 1934க்குப் பிறகு முதன்முறையாகக் கூட்டமைப்புப் பட்டத்தைப் பெற்றது.

2005இல் ஸ்னைடர் ஓய்வு பெற்றார். அரங்கத்துக்கு அவர் குடும்பத்தின் பெயர் சூட்டப்பட்டது. அடுத்து வந்தவர் மூன்று சீசன்களில் 17 வெற்றி, 20 தோல்வி என்று முடித்தார். 2009இல், தன் பெயர் தாங்கிய அரங்கத்துக்கே ஸ்னைடர் மீண்டும் பயிற்சியாளராக வந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. ஒரே அணியை இரண்டாம் முறை எழுப்பவேண்டி வந்தது. 2012இல் கிளைனின் தலைமையில் 11 வெற்றி, கூட்டமைப்புப் பட்டத்தில் பங்கு, நவம்பரில் நாட்டின் முதலிடம். எதிரணியில் காயம்பட்ட ஆட்டக்காரர்களுக்கு அவர் ஊதா மையில் கைப்பட எழுதிய கடிதங்கள் வெளியே தெரியவந்தது இந்தக் காலத்தில்தான். எழுத்தின் நிறம்கூட அணியின் நிறமே.

இன்று சூழல் மாறிவிட்டது. 2021 முதல், வேறு கல்லூரிக்கு மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம். தன் பெயரையும் படத்தையும் வைத்துப் பணமும் ஈட்டலாம். 2022இல் ஒரே ஓர் ஆட்டத்தை வென்ற கொலராடோ, டியான் சாண்டர்ஸ் வந்து ஆட்களை மொத்தமாக மாற்றிய பிறகு, 2024இல் ஒன்பது ஆட்டங்களை வென்றது. இண்டியானா, கர்ட் சிக்னெட்டி வந்த முதல் ஆண்டிலேயே மூன்று வெற்றியிலிருந்து 11க்குத் தாவியது. வேகத்தில் இவை ஸ்னைடரை மிஞ்சுகின்றன. கையில் இருக்கும் பையன்களையே வளர்த்து, அவர்களைக் கொண்டே வெல்லும் வேலைக்கு இந்த வேகத்தில் இடம் குறைவு; அந்த வகையில் ஸ்னைடரின் முறை திரும்ப வருவது கடினம்.

2018 சீசனோடு அவர் இரண்டாம் முறை விடைபெற்றபோது கணக்கு 215 வெற்றி, 117 தோல்வி, ஒரு சமன். அவர் வரும்வரை அந்தப் பல்கலைக்கழகம் ஆடியிருந்தது ஒரே ஒரு பவுல் ஆட்டம். அவர் காலத்தில் ஆடியது 19.